வேலங்குறிச்சியில் இருபது நிமிடம்

ஜூன் 2, திங்கள்

டாக்டர் மெஹருன்னிசா எழுதச் சொன்னார், எழுதுகிறேன். எனக்கு டைரி எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. யூனியனில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் பால்காரர் நம்பரையும் கேஸ் நம்பரையும் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. இந்த வருஷத்து டைரிக்கு யோகம், என் வயிற்றின் கதையைச் சுமக்கப்போகிறது.

மூன்று மாதமாக அடிவயிற்றில், இடது பக்கம், ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு வலி. நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வெளியே போகிறது. போனாலும் பாதி உள்ளேயே நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. வாழைப்பழம், வெந்நீர், விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது.

டாக்டர் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். மலச்சிக்கலும் அடிவயிற்று வலியும் சேர்ந்து வந்தால் காரணம் ஒன்றாக இருக்காது என்றார். தண்ணீர் போதாமல் இருக்கலாம், கீரை காய் போதாமல் இருக்கலாம், வரும்போது போகாமல் அடக்குவதாக இருக்கலாம். தைராய்டு குறைந்தாலும் குடல் மந்தமாகுமாம். இரும்புச்சத்து மாத்திரையும் சில வலி மாத்திரையும் கட்டிவிடுமாம். பெண்களுக்குக் கர்ப்பப்பைக் கட்டி, சினைப்பை நீர்க்கட்டி என்று இன்னொரு பட்டியல் வைத்திருக்கிறார். வாந்தி, காய்ச்சல், ரத்தம் போவது, வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

என்ன வேலை என்று கேட்டார். ரயில்வே என்றேன். ஆபீஸா என்றார். தலையை ஆட்டி வைத்தேன்.

ஒரு மாதம் தினமும் எழுதிக்கொண்டு வர வேண்டும். குடித்த தண்ணீர், சாப்பிட்டது, போனது, வலி, விழுங்கிய மாத்திரை. இரவில் குடிக்க ஒரு சிரப் கொடுத்திருக்கிறார். இனிப்பு திகட்டுகிறது.

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர்: காலையில் அரை டம்ளர், மானாமதுரை போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பாட்டில். சாப்பாடு: இட்லி மூன்று, மதியம் எங்கள் தங்குமிடமான ரன்னிங் ரூமில் சாதம், சாம்பார், முட்டைக்கோஸ். போகவில்லை. வலி: இருந்தது.

டாக்டரிடம் நான் சொல்லாததை இங்கே சொல்கிறேன். ஆபீஸ் கிடையாது, என்ஜின். அசிஸ்டெண்ட் லோகோ பைலட். திருச்சி டிப்போ. காலை எட்டு மணிக்கு லாபியில், அதாவது டியூட்டி ஏறும் அறையில், கையெழுத்துப் போட்டால் மானாமதுரையில் இறங்க மதியம் இரண்டாகிவிடும். எங்கள் என்ஜினில் கழிப்பறை கிடையாது. வழியில் எல்லா ஸ்டேஷனிலும் ஒரு நிமிடம்தான் நிற்போம், வேலங்குறிச்சியைத் தவிர. ஒற்றைத் தண்டவாளப் பாதை என்பதால் எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு அங்கே இருபது நிமிடம் ஒதுங்கி நிற்போம். பிளாட்பாரத்தின் மறுகோடியில் கழிப்பறை இருக்கிறது, சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம்.

லோகோ பைலட் சவரிமுத்து சார் இன்றைக்கும் கேட்டார், போயிட்டு வாம்மா, நான் இருக்கேன்ல என்று. மனிதர் என் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். இதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கூச்சமோ, வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

வெயில் அதிகமாக இருந்ததால் போகவில்லை.

எதிரே வந்த எக்ஸ்பிரஸ் என்ஜினில் மருது இருந்தார், என் வீட்டுக்காரர். பச்சைக்கொடி காட்டினேன், அவரும் காட்டினார். கடந்துபோகும் வண்டியைப் பார்த்து எல்லாம் சரி என்று கொடி காட்டுவது எங்கள் வேலையில் சேர்ந்தது. மூன்று விநாடி இருக்கும். இன்றைக்கு இன்னொரு கையில் ஒரு கொய்யாப்பழத்தைத் தூக்கிக் காட்டினார். எதற்கென்று தெரியவில்லை.

ஜூன் 4, புதன்

வீட்டுக்கு வர மூன்று மணி. போகவில்லை.

கொய்யாப்பழம் எதற்கென்று தெரிந்தது. ஃப்ரிட்ஜில் ஒரு கிலோ இருக்கிறது. மருது மதுரை டிப்போ. செவ்வாயும் வெள்ளியும் அவர் எக்ஸ்பிரஸில் திருச்சிக்கு வருவார், என் வீட்டில்தான் படுப்பார், மறுநாள் விடிகாலை வண்டியில் போய்விடுவார். அந்த இரண்டு நாளும் நான் மானாமதுரையில் படுத்திருப்பேன். ஆக வாடகை வீடு ஒன்று, குடியிருப்பவர்கள் இரண்டு பேர், ஒருவர் வரும்போது மற்றவர் இருக்கமாட்டார். வீட்டுக்காரம்மா ஒருநாள் கேட்டார், புருஷன் பெண்டாட்டிக்குள்ள சண்டையாம்மா, ஆள் இருக்கும்போது ஆள் இல்லையே என்று.

சண்டை இல்லை, லிங்க். எந்த வண்டியில் எந்த நாள் யார் என்று ஆபீஸில் போட்டு வைத்திருக்கும் அட்டவணை. என் ஓய்வு ஞாயிறு, அவர் ஓய்வு வியாழன். லீவு கிடைத்து மாதத்தில் ஒரு முழுநாள் சேர்ந்திருந்தால் அது பெரிய விஷயம். மாற்றல் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. மதுரையிலிருந்து திருச்சிக்கு வர ஆசைப்படும் ஓர் ஆள் கிடைத்தால் நான் போகலாமாம். மதுரையை விட்டு எவன் வருவான்?

பயிற்சிப் பள்ளியில் ஒரே பேட்ச். அப்போது வாடா போடா. மாமியார் காதில் விழக்கூடாது என்பதால் எழுத்திலும் 'அவர்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

தலையணை உறையை இந்த வாரமும் மாற்றவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தண்ணீர்: கால் டம்ளர். காலையில் சிரப் வேலை காட்டும்போல் இருந்தது. பிறகு நின்றுவிட்டது. வேலங்குறிச்சியில் போகவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வராது என்று யாரோ சொன்னார்கள்.

மருது தலைக்கு முடிவெட்டியிருக்கிறார். காது இரண்டும் தனியாகத் தெரிகிறது.

ஜூன் 8, ஞாயிறு

போனது. ஆறாவது நாள். கல் உடைத்த மாதிரி இருந்தது. டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், எனக்கொன்றும் ஆசையில்லை.

துணி துவைத்தேன். தலையணை உறையைத் தவிர.

ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர்: காலையில் ஒரு வாய். வலி: அதிகம். பிழிகிற கை இன்று விடவே இல்லை.

எக்ஸ்பிரஸ் லேட். வழக்கமாக இருபது நிமிடம் நிற்கும் நாங்கள் ஐம்பது நிமிடம் நின்றோம். பயணிகள் இறங்கி வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். சவரிமுத்து சார் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை அவரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் சாவி வாங்கி வந்து என் பக்கத்தில் வைத்தார். அதில் ஒரு மரக்கட்டை கட்டியிருந்தது. இப்போ வேண்டாம் சார் என்றேன். எந்த நிமிடமும் வண்டி வந்துவிடலாம், சிக்னல் போட்டுவிட்டார்களா என்று தெரியவில்லை. ஜன்னலிலேயே நின்றேன். வயிற்றைக் கம்பியில் சாய்த்துக்கொண்டால் கொஞ்சம் தேவலை.

வந்தது. மருதுவுக்கு முகமெல்லாம் வியர்வை. கொடியை ஆட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். நான் தலையை ஆட்டுவதற்குள் ஆறாவது பெட்டி போய்க்கொண்டிருந்தது.

மதியம் ரன்னிங் ரூமில் சாப்பிடப் பிடிக்கவில்லை. இங்கே கழிப்பறை பளிச்சென்று இருக்கிறது, மூன்று பக்கெட் தண்ணீர் இருக்கிறது, நாளைக் காலை வரை நேரம் இருக்கிறது. வயிறுதான் மாட்டேன் என்கிறது. கூப்பிட்டபோது வராதவளை நான் ஏன் இப்போது கூப்பிட வேண்டும் என்று கோபித்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

இந்தப் பக்கத்தை டாக்டரிடம் கொடுக்கும் முன் கிழித்துவிட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சரக்கு வண்டியில் இருந்தேன். ஒருநாள் கெட்டுப்போன தேங்காய்ச் சட்னி வேலையைக் காட்டியது. ஒரு மணி நேரம் பல்லைக் கடித்தேன். நடுக்காட்டில் சிவப்பு விழுந்து வண்டி நின்றதும் அப்போதைய லோகோ பைலட்டிடம் சொல்லிவிட்டு இறங்கிக் கருவேலஞ்செடிக்குப் பின்னால் ஓடினேன். நான் அங்கே இருக்கும்போதே பச்சை விழுந்துவிட்டது. பச்சை விழுந்தும் வண்டி ஏன் நகரவில்லை என்று வாக்கிடாக்கியில் கேட்டார்கள். அந்த ஆள் சொல்லிவிட்டார். உள்ளதை உள்ளபடி, சிரித்துக்கொண்டே. கார்டு கேட்டார், பக்கத்து ஸ்டேஷன் கேட்டது, மறுநாள் லாபி முழுக்கக் கேட்டிருந்தது. கையெழுத்துப் போடும்போது பின்னாலிருந்து ஒருவர், பச்சை விழுந்துருச்சாம்மா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அதற்கப்புறம் டியூட்டி நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. எங்கள் டிப்போவிலேயே என்ஜினில் இருக்கும் ரோஸ்லின் அக்கா சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை. காலையில் கிளம்பும்போது ஒன்று போட்டுக்கொண்டால் மதியம் வரை பயமில்லை. மூன்று வருஷமாகப் போடுகிறேன். முதலில் எப்போதாவது, இப்போது ஒவ்வொரு டியூட்டிக்கும்.

இந்த சிரப் வந்ததிலிருந்து பயம் கூடிவிட்டது. அது என்ஜினில் வேலை காட்டிவிட்டால்? அதனால் இப்போது காலையில் இரண்டு மாத்திரை. இரவில் போகச் சொல்லி சிரப், காலையில் போகாதே என்று மாத்திரை. எழுதிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

வேலங்குறிச்சியில் போனால் மாத்திரையே வேண்டியதில்லையே என்று யாராவது கேட்கலாம். வெயில் என்று எழுதினேன், தண்ணீர் வராது என்று எழுதினேன். தண்ணீர் வரும். நான் விசாரித்துவிட்டேன். கழிப்பறைக்கு நடக்க நாலு நிமிடம், திரும்ப நாலு நிமிடம், உள்ளே பத்து நிமிடம். நேரம் சரியாகத்தான் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் வருவது அந்தப் பத்து நிமிடத்தில்.

வாரத்துக்கு இரண்டு முறை, மொத்தம் ஆறு விநாடி. அதையும் விட்டுவிட்டால் எனக்குக் கல்யாணம் ஆனதற்கு அந்தத் தலையணை உறையைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. ஏழு நாள். வயிறு கல்லாக இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை.

மாமியார் போன் செய்தார். வழக்கம்போல் மழை, ஆடு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் சுற்றிவந்து கடைசியில், விசேஷம் எதுவும் உண்டா என்றார். நான் வழக்கம்போல் இல்லை அத்தை என்று சொல்லவில்லை. பார்ப்போம் அத்தை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, குமட்டுகிறது. கர்ப்பமானால் ஆரம்பத்திலேயே மலச்சிக்கல் வருமாம், போனில் தேடிப் பார்த்தேன்.

மருதுவிடம் சொல்லவில்லை. கொடி காட்டும்போது சொல்ல முடிகிற விஷயமா இது? போனில் சொல்லலாம்தான். ஆனால் ஒரு தடவையாவது எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் இல்லை. மாத்திரை இரண்டு. மருது புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்.

ஜூன் 18, புதன்

மதியம் வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். மருது வாழைப்பூ வடை செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வாய்கூட முடியவில்லை. வடையை வாசனை பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். கையில் டிரிப்ஸ் ஊசி இருப்பதால் எழுத்து கோணலாக வரும்.

வியாழக்கிழமை காலையில் வாந்தி. பச்சையாக வந்தது. வயிறு மத்தளம் மாதிரி, காற்றுகூடப் பிரியவில்லை. டாக்டர் இரண்டு முறை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரம்மா ஆட்டோவில் கூட்டிவந்தார். டாக்டர் மெஹருன்னிசா என்னைப் பார்த்ததும் எங்கே அந்த டைரி என்றார். பையோடு கொடுத்துவிட்டேன். கிழிக்க வேண்டிய பக்கத்தைக் கிழிக்கும் நினைப்பெல்லாம் அப்போது எனக்கில்லை.

முதலில் சிறுநீர் எடுத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரேக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டுமாம். இல்லை என்று நர்ஸ் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல. வலியில் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

பிறகு எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம். ஒவ்வொன்றாக வந்து சொன்னார்கள். கர்ப்பப்பையில் கட்டி இல்லை. சினைப்பையில் நீர்க்கட்டி இல்லை. குடல்வால் சரியாக இருக்கிறது. கல் இல்லை. தைராய்டு சரி. குடல் முறுக்கிக்கொள்ளவில்லை. பெருங்குடல் முழுக்க மலம் கட்டிதட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கத்தி வைக்க வேண்டி வந்திருக்கும் என்றார்கள். எனிமா கொடுத்தார்கள். அந்த விவரம் டாக்டருக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

நேற்று மாலை டாக்டர் டைரியோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பத்தாம் தேதி வண்டி அம்பது நிமிஷம் நின்னுதுன்னு எழுதியிருக்கீங்க. அம்பது நிமிஷமும் ஜன்னல்லயேதான் நின்னீங்களா?"

"ஆமா டாக்டர்."

"நான் காரணம் தேடி ஸ்கேன் வரைக்கும் போயிட்டேன். நீங்க கையெழுத்துல எழுதியே வச்சிருக்கீங்க."

மாத்திரையை இனி தொடக்கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டும், டியூட்டி நாளிலும். குடல் கூப்பிடும்போது போக வேண்டும், இல்லாவிட்டால் அது கூப்பிடுவதையே மறந்துவிடும். இதே வேலையில் இதே மாதிரி நடந்துகொண்டால் இது திரும்ப வரும், அடுத்த முறை கத்திதான் என்றார். என்ஜின் வேலைக்குத் தகுதியில்லை என்று ரயில்வே டாக்டர் எழுதிவிடுவாரா என்று கேட்டேன். ஒழுங்காக இருந்தால் அதற்கு அவசியம் வராது என்றார். பிறகு, வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். என் போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 22, ஞாயிறு

மருது வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவரை வேறு வண்டியில் போட்டுவிட்டதால் திருச்சிக்கு வரவில்லையாம். மூன்று நாள் லீவு. நேற்று மாலையிலிருந்து இங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது, அடுத்தடுத்து மூன்று நாள் நாங்கள் சேர்ந்திருப்பது தீபாவளிக்கு அப்புறம் இப்போதுதான். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இப்படிச் சொல்வது வெட்கக்கேடு, ஆனாலும் சொல்கிறேன். அவர் ஆரஞ்சு உரிக்கிறார், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். புதுக் கண்ணாடி மூக்கில் இறங்கி இறங்கி வருகிறது. தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது, ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டாராம், போன மாதக் கடைசியில். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

நான் தூங்கும்போது டைரியைப் படித்துவிட்டார். எழுந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

"வேலங்குறிச்சிக்கு ரெண்டு ஸ்டேஷன் முன்னாடியே தலையச் சீவிக்கிட்டு ரெடியாயிருவேன் கோதை" என்றார். "எங்க சார் கேலி பண்ணுவாரு. நீ நிக்கிறதப் பாத்து, நல்லா இருக்கா, அது போதும்னு நெனச்சுக்கிட்டே போவேன். இந்த மூணு மாசமும் வலியோட நின்னவளப் பாத்துட்டுத்தான் சந்தோஷமாப் போயிருக்கேன்."

அந்தப் பச்சைக்கொடியை நான் பொய்யாகக் காட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. காட்டியவளிடம்தான் இல்லை.

"இனிமே அந்த ஜன்னல்ல நான் உன்னப் பாக்கக் கூடாது. ஜன்னல் காலியா இருந்தா நீ நல்லா இருக்கேன்னு எடுத்துக்கிறேன்."

"உனக்கு அது போதுமா?"

"போதாது. ஆனா பாக்கக் கூடாது."

அப்புறம் தான் உரித்த ஆரஞ்சைத் தானே தின்றுவிட்டார், என்ன செய்கிறோம் என்று தெரியாமல்.

ஜூன் 23, திங்கள்

விசேஷம் எதுவும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு. நான் சொல்ல நினைத்தது வேறு, சொன்னது வேறு. மருது என் கையைப் பிடித்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆனதும் என்னை வீட்டில் விட்டுவிட்டு மாலையில் மதுரை பஸ் ஏறினார்.

ஜூன் 30, திங்கள்

வீட்டில் ஓய்வு. தண்ணீர்: எட்டு டம்ளர். சாப்பாடு: கீரை, பப்பாளி, கோதுமைக் கஞ்சி. தினமும் காலையில் போகிறது. வலி: லேசாக. டாக்டர் படித்தால் சந்தோஷப்படுவார்.

போன செவ்வாயும் வெள்ளியும் மருது வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். லிங்க் எங்களிடம் ஒருமுறை ஏமாந்தது. செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்து உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்ததும் மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் இருக்கிறேன் என்று தெரிந்துதான் வந்தார், ஆனாலும் நின்றுவிட்டார்.

மாற்றல் விஷயம் யூனியனில் விசாரித்தேன். பெயர் பதிவாகி இருக்கிறதாம். மூன்று வருஷமாக அது பதிவாகித்தான் இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

ரயில்வே டாக்டர் டியூட்டிக்குப் போகலாம் என்று எழுதிவிட்டார். நாளைக்கு மானாமதுரை. மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டேன். இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர்: வேலங்குறிச்சி வரை ஒரு லிட்டர். மாத்திரை இல்லை.

வண்டி ஒதுங்கி நின்றதும் சவரிமுத்து சார் ஒன்றும் கேட்கவில்லை, ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிறு கூப்பிட்டது. மூன்று வாரத்தில் அது நல்ல பிள்ளையாகிவிட்டது, நேரத்துக்குக் கூப்பிடுகிறது. எழுந்தேன், படியில் ஒரு காலையும் வைத்தேன். இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று தோன்றியது. இத்தனை நாள் கழித்து முதல்நாள், இன்றைக்குப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமையிலிருந்து ஒழுங்காக இருக்கலாம். திரும்ப வந்து கொடியை எடுத்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன்.

எக்ஸ்பிரஸ் வந்தது. நான் சிரித்தேன். மருது என்னைப் பார்த்தார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. கொடியை நீட்டினார், வேலைக்கு நீட்ட வேண்டுமே என்று. கண்ணை என் மேலிருந்து எடுத்துத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று விநாடியும் அதற்கே போய்விட்டது. மாலையில் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை.

ஜூலை 9, புதன்

ஃப்ரிட்ஜில் ஒன்றும் இல்லை. படுக்கை மடித்தது மடித்தபடி இருக்கிறது. வந்து படுத்தாரா, ஸ்டேஷன் ரன்னிங் ரூமிலேயே இருந்துவிட்டாரா என்று தெரியவில்லை. தலையணையில் என் தலைஎண்ணெய் வாசனைதான் இருக்கிறது.

போகவில்லை. ஒரே நாள் அடக்கியதற்கு இடது பக்கம் மறுபடியும் பிழிகிறது.

ஜூலை 11, வெள்ளி

தண்ணீர்: வேலங்குறிச்சி வரை ஒரு லிட்டர்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஒதுங்கி நின்றோம். சார், போயிட்டு வர்றேன் என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். என் கொடியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

பிளாட்பாரம் நீளம். எந்தப் பெட்டியிலிருந்து யார் பார்க்கிறார்கள், எங்கே போகிறேன் என்று எவருக்குத் தெரியும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் நிமிராமல் சாவியை நீட்டினார். மூன்று வருஷமாக நான் பயந்த சிரிப்பு அந்த அறையில் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கழிப்பறை சுத்தமாக இருந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. உட்கார்ந்தேன். சிக்னல் மணி அடித்தது. எழுந்து ஓடினால் பிளாட்பாரம் வரையாவது போகலாம், தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று கால் பரபரத்தது. பக்கெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முதலில் தரை நடுங்கியது, பிறகு கதவின் தாழ்ப்பாள், பிறகு பக்கெட் தண்ணீரில் வளையம் வளையமாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு பெட்டியும் போயின, எண்ணினேன். முதலில் போனது அவர் இருந்த என்ஜின். அது போனதை நான் எப்போது கேட்டேன் என்றுகூடத் தெரியவில்லை, எல்லாம் ஒரே சத்தம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போகவும் போனது. சிரமமில்லாமல், வலியில்லாமல்.

சாவியைக் கொடுத்துவிட்டு முகம் கழுவித் திரும்பி நடந்து வந்தேன். சவரிமுத்து சார் என் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நான் கொடி காட்டுனேம்மா. அவரு என் பக்கம் பாக்கல. உன் ஜன்னலப் பாத்துத்தான் காட்டுனாரு. வண்டி தாண்டுற வரைக்கும் கைய இறக்கல."

"முகம் எப்படி சார் இருந்துச்சு? சிரிச்சாரா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பாவம், எனக்காக ஏதாவது நல்லதாகச் சொல்லப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"கொடியத்தாம்மா பாத்தேன்" என்றார்.

சிக்னல் விழுந்தது. என் இடத்தில் நின்று பச்சை என்று சத்தமாகச் சொன்னேன், அவரும் பச்சை என்றார், வண்டி நகர்ந்தது. மானாமதுரை வரை ஒன்பது ஸ்டேஷன். அவர் திருச்சி போய்ச் சேர்ந்து, என் வீட்டைத் திறந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போன் செய்ய நாலு மணியாகும். முகம் எப்படி இருந்தது என்று அவரிடமே கேட்க வேண்டும்.

வலி: வயிற்றில் இல்லை.